குழிக்குள் சொன்ன பெயர்

ஹலோ… ஹலோ… ஓம், திருகோணமலைதான், ஆர் கதைக்கிறது?

…ஆர்? கொஞ்சம் பலமாய்க் கதையுங்கோ. ஒரே இரைச்சலாய்க் கிடக்கு.

…மண்டபமோ? இந்தியாவில இருக்கிற மண்டபமோ? அங்கை ஆர்?

…ஓ. நீங்களோ.

…ஓம், நான்தான். யோகம்மாதான். உங்கட ஒரே மச்சாள். வேற ஆர் வருவினம்? போதகரம்மாவே குடையைப் பிடிச்சுக்கொண்டு எங்கட படலைக்கு ஓடி வந்தவ. 'யோகம்மா, தங்கரத்தினம் ரெலிபோனில நிக்கிறா, கெதியாய் வாரும்' எண்டு. அடுப்பில கறி. இறக்கி வைச்சிட்டு அப்பிடியே வந்தனான். சீலைத் தலைப்பால தண்ணி வடியுது. இஞ்சை விடாத ம—

…ஆர்? எக்ஸ்சேஞ்சோ? ஓம் ஐயா. ஓம், விளங்குது. கப்பலைப் பற்றிக் கதைக்கக்கூடாது, துறைமுகத்தைப் பற்றிக் கதைக்கக்கூடாது. சண்டை நேரம், தெரியும்.

…என்ன? மழையைப் பற்றியுமோ? மழை பெய்யுது எண்டும் சொல்லக்கூடாதோ? …சரி ஐயா. பெய்யேல்லை. ஒண்டும் பெய்யேல்லை. நான் சும்மா நனைஞ்சனான்.

…சிரிக்காதையுங்கோ. உங்களுக்கென்ன, அக்கரையில நிண்டு சிரிப்பியள்.

…ஏன் நீங்கள் எண்டுறனோ? பின்னை என்னெண்டு சொல்லுறது? இப்ப நீங்கள் பெரிய ஆள். உங்கட பேர் சொல்லாமல் இஞ்சை ஞாயிற்றுக்கிழமை முடியிறேல்லை. முந்தி நீங்கள் யோகம்மாவின்ர மச்சாள். இப்ப நான் தங்கரத்தினத்தின்ர மச்சாள்.

…சரி. நீர். நீர். போதுமோ?

…ஓம், உம்மட அண்ணர் சுகம். …இல்லை, வேலைக்குப் போயிட்டார். நேவி டொக்யாட்டில ராவும் பகலும்— …ஐயோ, அதுவுமோ? …வேலைக்குப் போயிட்டார் மச்சாள். ஏதோ ஒரு இடத்துக்கு. ஏதோ ஒரு வேலைக்கு.

…மெலிஞ்சுதான் போனார். கூப்பன் அரிசியில ஆர் கொழுக்கிறது? ஆனால் உம்மட கதை எண்டால் சோறு இல்லாமலே வயிறு நிறையும் அவருக்கு. 'இப்ப தங்கச்சி என்ன செய்யிறாளோ, தங்கச்சி பிள்ளையளுக்கு மருந்து குடுக்கிற நேரமோ.' பக்கத்தில இருக்கிற நான் என்ன செய்யிறன் எண்டு ஒரு நாள் கேட்டதில்லை.

…நீர் எப்ப கடக்கிறீர்? …இன்னும் மண்டபம் காம்புக்குள்ளதானோ? …ஓம், அம்மை, கொலரா பாக்கிறதுக்கு எல்லாரையும் மறிச்சுத்தானே விடுவினம். எனக்குத் தெரியும். நானும் வர இருந்த ஆள்தானே. எல்லாம் விசாரிச்சு வைச்சிருந்தனான்.

…குத்திக் கதைக்கேல்லை. உள்ளதைச் சொல்லுறன். பர்மாவில இருந்து நடந்து வந்த பிள்ளையளாம், மிசன் ஆஸ்பத்திரியில பாக்க ஆள் இல்லையாம், இஞ்சையிருந்து ரெண்டு பொம்பிளையள் வந்தால் நல்லமாம் எண்டு போதகர் கோயிலில கேக்கேக்கை, முதல் கை தூக்கினது ஆர்? சொல்லும்.

…ஆ. நான். நீர் பக்கத்தில இருந்து மூக்குத் துடைச்சுக்கொண்டிருந்தனீர்.

கலியாணம் கட்டும் மட்டும் ஆஸ்பத்திரியில நேர்சாய் நிண்டது ஆர்? நீரோ? நீர் மிசன் பள்ளிக்கூடத்தில தையல் படிப்பிச்சனீர். ஊசி எண்டால் உமக்குத் துணி தைக்கிறதுதான் தெரியும்.

…ஓம், உம்மட அண்ணர்தான் விடேல்லை. எனக்குத் தெரியாதோ? 'கட்டின மனுசி புருசனை விட்டிட்டு அக்கரைக்குப் போறதோ, ஊர் என்ன சொல்லும்' எண்டவர். தங்கச்சி போகேக்கை ஊர் ஒண்டும் சொல்லாது. பெட்டியைத் தலையில வைச்சுக்கொண்டு ஸ்ரேசன் மட்டும் வந்தவர். என்ர வெள்ளைச் சப்பாத்தையும் எடுத்துத் தந்தவர் உமக்கு. 'யோகம், உனக்கு இனி இது என்னத்துக்கு' எண்டு.

…பிஞ்சிட்டுதோ? பிய்யட்டும். …இல்லை, புதுச் சோடி வாங்கிக்கொண்டு வர வேண்டாம். நான் எங்கை நடக்கப்போறன்? வீட்டில இருந்து லாபிர் காக்காவின்ர கடைக்கு. அதுக்குச் சப்பாத்து வேண்டாம். அவரும் உம்மைத்தான் கேக்கிறார். 'உங்கட மச்சாள் அனாதைப் பிள்ளையளுக்குச் செய்யிற நன்மைக்கு' எண்டு ஒரு பிடி வெங்காயம் கூடப் போட்டவர். உம்மட புண்ணியத்தில வந்த வெங்காயத்தை நான்தான் வெட்டி அழுதனான்.

…இப்ப ஊசி போடப் பழகியிட்டீரோ? …கை நடுங்கேல்லையோ? …எனக்கு முதல் நாள் நடுங்கினது. …என்ன குடுத்தவை பிள்ளையளுக்கு? …உடன பால் குடுக்கக்கூடாது. பட்டினி கிடந்த வயிறு பாலைத் தாங்காது. கஞ்சித் தண்ணியில துவங்க வேணும், கரண்டி கரண்டியாய். …ஆ, பெரிய டொக்டரும் அதைத்தான் சொன்னவரோ. நானும் அதைத்தான் சொல்லியிருப்பன். என்னை ஆர் கேட்டது?

…உம்மட கட்டில் கிடக்கு. …ஓம், அதே இடத்திலதான். மேல விறகு அடுக்கியிருக்கிறன். …வெளியில வைச்சால் நனையும்தானே. — இல்லை ஐயா! நனையாது! வெயில்! நல்ல வெயில்!

…எடுப்பன் மச்சாள். நீர் வரமுன்னம் விறகை எடுத்துத் தும்புக்கட்டையால கூட்டி வைப்பன். தலையணை உறையும் தோய்ச்சு வைப்பன்.

…சாளை மீனோ? பாரும், இவ்வளவு தூரம் ரெலிபோன் எடுத்துக் கேக்கிறது சாளை மீன். ஆஸ்பத்திரிப் பருப்பில நாக்குச் செத்துப் போச்சோ? …கிடைக்கும். சல்லிக் கரையில இருந்து மீன்காரர் கூடையோட வருவினம். …ஓம், மிளகாய்த்தூளும் மஞ்சளும் பூசி முறுகப் பொரிச்சுத் தாறன். உமக்குப் பொரிச்சுத் தராமல் ஆருக்குத் தரப்போறன்?

கோயிலில உமக்கு வரவேற்பு. சீனி இல்லை, பனங்கட்டி போட்டுக் கேக் அடிக்கினம். போதகரம்மா இப்பவே ஒண்டு போறணையில வைச்சுப் பாக்கிறா. யேசுபாலன் பிறக்கிற நத்தாரும் நீரும் ஒரு கிழமையில வாறியளாம். நத்தாருக்குக் கூட இவ்வளவு ஆயத்தம் இல்லை. …வெக்கமோ? உமக்கோ? பொறும், மாலை விழேக்கை வெக்கப்படும். நான்தான் மாலை போட வேணுமாம். குடும்பத்தில ஒராள் போட்டால் நல்லமாம்.

…நேரம் முடிஞ்சுதோ? நீட்டச் சொல்லும். காசு மிசன்தானே குடுக்குது.

…ஒரு விசயம் சொல்ல வேணுமோ? பொறும். முதல் நான் ஒண்டு கேக்கிறன்.

…இல்லை, முதல் நான். ஒரு மாதமாய் நெஞ்சுக்குள்ள கிடக்கு. போதகரம்மா குசினிக்குள்ள போயிட்டா. காதை இஞ்சை விட்டிட்டுத்தான் போயிருப்பா, அதால மெல்லமாய்க் கேக்கிறன்.

சுகிர்தம் ஆர்?

…என்ன, கேக்கேல்லையோ? லைன் இருக்குத்தானே?

சுகிர்தம் ஆர் எண்டு கேட்டன்.

…ஓ. ஒரு பிள்ளை. அது எனக்குத் தெரியும். போதகர் ஜெபத்தில சொன்னவர். 'அக்கரையிலே எங்கள் தங்கரத்தினம் பேர் வைத்த சின்னப்பிள்ளை சுகிர்தத்தை ஆசீர்வதியும்' எண்டு. எல்லாரும் கண் மூடி நிக்கினம். நான் ஒராள்தான் கண்ணை முழிச்சுக்கொண்டு நிண்டன். உம்மட அண்ணர் கண் திறக்காமலே என்ர பக்கம் சரிஞ்சு சொல்லுறார், 'நல்ல பேர், என்ன?' எண்டு.

நல்ல பேராம்.

…அவருக்கு எப்பிடித் தெரியும்? அவருக்கும் நான் சொல்லேல்லை. கலியாணம் கட்டி இத்தனை வருசமாய் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பிறக்காத பிள்ளையின்ர பேரை வெளியில விட்டால் பிள்ளை தங்காது எண்டு நெஞ்சுக்குள்ளயே வைச்சிருந்தனான். உமக்கு மட்டும்தான் சொன்னனான்.

எங்கை வைச்சுச் சொன்னனான்? ஞாபகம் இருக்கோ?

…ஓம். குழிக்குள்ள. சித்திரையில யப்பான்காரன் குண்டு போட்ட அண்டைக்கு. — ஐயா, அது ஊருக்கே தெரியும். யப்பான்காரனுக்கும் தெரியும், அவன்தானே போட்டவன்! கதைக்க விடுங்கோ!

முருங்கைக்குக் கீழ வெட்டின குழி. உம்மட அண்ணர் விடியவே வேலைக்குப் போயிட்டார். நீரும் நானும்தான். தலையில மண் கொட்டுது. நீர் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, 'மச்சாள், ஏதும் கதையும், ஏதும் கதையும், பயமாய்க் கிடக்கு' எண்டனீர். எனக்கு வேற கதை ஒண்டும் வரேல்லை. செத்துப்போவம் எண்டு நினைச்சுத்தான் சொன்னனான். பொம்பிளைப் பிள்ளை எண்டால் சுகிர்தம் எண்டு.

நாங்கள் சாகேல்லை. அதுதான் பிழையாய்ப் போச்சு.

…என்ன மன்னிப்பு? உமக்கு உலகத்தில வேற பேர் கிடைக்கேல்லையோ? எஸ்தர் இல்லையோ, நவோமி இல்லையோ? கொம்மாவின்ர பேரை வைச்சிருக்கலாம். உம்மட பேரையே வைச்சிருக்கலாம். இஞ்சை எல்லாரும் இன்னும் சந்தோசப்பட்டிருப்பினம்.

…என்ன? பேர் தெரியாத பிள்ளையளை என்னெண்டு கூப்பிட்டவை? …கட்டில் நம்பராலயோ? …சரி, அது பாவம்தான். நான் இல்லை எண்டேல்லை.

…ஓம். …ஓம். …தாய் வழியில விழுந்திட்டாவோ. …ஆரோ தூக்கிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரி வாசலில விட்டிட்டுப் போனவையோ. …மூண்டு வயசிருக்குமோ. …வாயே திறக்கேல்லையோ. …ஓம், கேக்கிறன், சொல்லும். …பக்கத்தில இருந்து ஒவ்வொரு பேராய்ச் சொல்லிப் பாத்தனீரோ. …எல்லாப் பேரும் முடிஞ்சு கடைசியாயோ. …அதுக்குத்தான் தலையைத் திருப்பினவவோ.

…சும்மா திருப்பியிருப்பா. ஈ, இலையான் ஏதும் பறந்திருக்கும்.

…அழாதையும். நீர் அழுதால் நான் விட்டிடுவன் எண்டு நினைக்காதையும். எப்பவும் இதுதானே. அழுகிறது நீர், பொல்லாதவள் நான்.

மாத்தும்.

…பேரை மாத்தும் எண்டுறன். பிழையாய் வைச்சிட்டன் எண்டு சொல்லும். சின்னப்பிள்ளை, மறந்திடும். போதகரும் ஜெபத்தில மாத்திச் சொல்லுவார். ஆண்டவருக்கு ஆள் விளங்கும்.

…ஏன் ஏலாது? …பாஸில எழுதிப்போட்டினமோ? என்ன பாஸ்? ஆஸ்பத்திரியில கிடக்கிற பிள்ளைக்குக் கடல் கடக்கிற பாஸ் என்னத்துக்கு?

…எங்கை?

…மண்டபத்திலயோ? உம்மோடயோ? …இப்பவோ? உம்மட பக்கத்திலயோ நிக்கிறா?

…

கூட்டிக்கொண்டு வாறீர்.

…இல்லை, எனக்கு விளங்குது. நல்லாய் விளங்குது. கலியாணமும் இல்லை, வயித்து நோவும் இல்லை, உமக்குப் பிள்ளை வந்திட்டுது. பேரோட வந்திட்டுது. இனிப் பனங்கட்டிக் கேக் ரெண்டு பேருக்கு. மாலையும் ரெண்டு கட்ட வேணும். உம்மட அண்ணர் மருமகளைத் தோளில தூக்கி வைச்சுக்கொண்டு ஸ்ரேசனில இருந்து நடந்து வருவார். பெட்டியை நான் தூக்கிக்கொண்டு வாறன் பின்னால.

நீர் அவவை முத்தத்தில விளையாட விட்டிட்டு, 'சுகிர்தம், இஞ்சை வா, சுகிர்தம், சோறு தின்ன வா' எண்டு கூப்பிடுவீர். நான் குசினிக்குள்ள நிண்டு கேக்கிறன். ஒவ்வொரு நாளும். என்ன? அதுதானே வேணும் உமக்கு? கை தூக்கினது நான், போனது நீ. சப்பாத்து என்ர, நடந்தது நீ. பேர் என்ர, பிள்ளை உன்ர. இன்னும் என்னத்தை என்னட்டை விட்டு வைச்சிருக்கிறாய், சொல்லு, அதையும் எடுத்துக்கொண்டு போ!

…போதகரம்மா, ஒண்டுமில்லை. லைன் சரியில்லை, அதால பலமாய்க் கதைக்கிறன். …ஓம், சுகமாய்த்தான் இருக்கிறாவாம். நீங்கள் கேக்கைப் பாருங்கோ, கருகுற மணம் வருது.

…என்ன சொன்னனீர்?

…திருப்பிச் சொல்லும்.

…எனக்கோ?

…இல்லை, கேட்டது. ஆனால் திருப்பிச் சொல்லும்.

…

எப்ப நினைச்சனீர் இதை? …அவ தலையைத் திருப்பின அண்டைக்கோ? …அதுக்குத்தான் அந்தப் பேரோ? …வேற ஆரும் கேட்டு வந்தால் குடுக்க மனம் வராமல் இருக்கவோ? பஸ்ஸில லேஞ்சித் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, பேரைப் போட்டுப் பிள்ளையைப் பிடிச்சு வைச்சனீரோ எனக்கு?

…அப்ப ஏன் எனக்கு முதலே அறிவிக்கேல்லை? …ஓம். …பிழைப்பாவோ தெரியாமல். …ஓம். சொல்லிப்போட்டுப் பிறகு இல்லை எண்டால். …ம்.

கொஞ்சம் பொறும். கதிரையை இழுக்கிறன்.

…இருந்திட்டன். சொல்லும்.

என்ன மாதிரி இருக்கிறா?

…கறுப்போ. …கறுப்பெண்டால் உம்மட அண்ணரைப் போலயோ, என்னைப் போலயோ? …சரி, ரெண்டு பேருக்கும் நடுவில. நல்லம். …தலை மழிச்சிருக்கோ. பேனுக்கோ? வளரும். …காலில புண் ஆறியிட்டுதோ? …தழும்பு கிடக்கட்டும். …சாப்பாடு? …சோத்தை உருட்டிச் சட்டைப் பைக்குள்ள ஒளிக்கிறாவோ? ஏசாதையும். பட்டினி கிடந்த பிள்ளையள் அப்பிடித்தான். ஒளிக்கட்டும். ராவில நாங்கள் எடுத்துப் போட்டிட்டு, புதுசாய் ஒரு துண்டுப் பாண் அந்தப் பைக்குள்ள வைச்சு விடலாம். காலமை கை விட்டுப் பாக்கேக்கை இருக்க வேணும்.

…ஆரோட படுக்கிறவ?

…உம்மோடயோ.

…வேற ஆரும் தூக்கினால்? …அழுவாவோ. இஞ்சையிருந்து உம்மோட ஊழியத்துக்கு வந்த கனகம்மா தூக்கினாலுமோ? …அவவிட்டைக் கொஞ்சம் நிப்பா. சரி.

மச்சாள், ஒண்டு கேக்கிறன். உண்மை சொல்லும். போதகர் வீட்டில இருந்து கேக்கிறன்.

அவ உம்மை என்னெண்டு கூப்பிடுறவ?

…

…மாமி எண்டு சொல்லிக் குடுத்தனீர். விளங்குது. அண்ணரின்ர பிள்ளைக்கு நீர் மாமிதான். முதல் நாளில இருந்தே சரியாய்ச் சொல்லிக் குடுத்திருக்கிறீர். நீர் சொல்லிக் குடுத்ததை நான் கேக்கேல்லை. அவ என்னெண்டு கூப்பிடுறவ?

…ம்.

தெரியும். கேக்க முன்னமே தெரியும்.

…எப்பிடி மாறும்? நீர் அடுத்த அறையில. ராவில பயந்து எழும்பினால் உம்மட கட்டிலுக்குத்தான் ஓடுவா. விழுந்தால் உம்மட்டைத்தான் ஓடுவா. நான் பிசைஞ்சு வைச்ச சோத்தை உம்மட கையாலதான் வாங்குவா. நான் ஆர் அந்த வீட்டில? ஆயா.

…நீர் விட்டுத் தருவீர். அது தெரியும். அதைத்தான் என்னால பாக்க ஏலாது. நீர் 'அம்மாட்டைப் போ, அம்மாட்டைப் போ' எண்டு தள்ளி விடுவீர். அவ அழுதுகொண்டு உம்மட்டைத்தான் திரும்பி வருவா. நான் ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிக்கிறன். ஊர் பாக்கும். உம்மட அண்ணர் பாப்பார். நீரும் பாப்பீர், பாவப்பட்டு.

மச்சாள்.

நீர் வராதையும்.

…கேட்டதுதானே? பிறகேன் 'என்ன, என்ன' எண்டுறீர்?

பிள்ளை வரட்டும். நீர் வராதையும். கனகம்மா கடக்கிறாதானே, அவவோட அனுப்பும். நானும் உம்மட அண்ணரும் தலைமன்னாருக்கு வந்து நிக்கிறம்.

…எவ்வளவு காலத்துக்கோ? எனக்குத் தெரியாது. அவ என்னட்டை ஓடி வாற மட்டும். ஒரு வருசமோ, ரெண்டோ. எனக்குத் தெரியாது மச்சாள்.

…ஓம், உம்மட வீடுதான். உம்மட அப்பா கட்டின வீடு. நான் வந்து ஏறினவள். எனக்கு ஞாபகம் இருக்கு.

…ஓம், நத்தாரும்தான். ஓம்.

…மீன் கேட்டனீர். அதுவும் ஞாபகம் இருக்கு.

…

ஹலோ? நிக்கிறீரோ?

…என்ன? கொஞ்சம் பலமாய். …திரும்பி ஆஸ்பத்திரிக்கோ?

…இன்னும் அவ்வளவு பிள்ளையளோ அங்கை. …ஓம். …அதுகளுக்கும் பேர் வைக்க வேணுமோ.

வையும். நல்ல பேராய்ப் பாத்து வையும். என்னட்டை இனி வேற பேர் இல்லை.

…அண்ணருக்கு நான் சொல்லுறன். தங்கச்சிக்கு ஊழியம் விட்டு வர மனமில்லையாம் எண்டு. கோயிலிலயும் அப்பிடித்தான் சொல்லுவன். உம்மை இன்னும் தூக்கி வைப்பினம். ஞாயிற்றுக்கிழமையில ரெண்டு தரம் உம்மட பேர் சொல்லுவினம்.

…இல்லை. இந்த முறை குத்திக் கதைக்கேல்லை.

…கொஞ்சம்தான்.

…ஆர் வாறார்? காம்பு டொக்டரோ? என்ன கேப்பார்? …சரி, குடும்.

ஹலோ. ஓம் ஐயா. …யோகம்மா. திருமதி தம்பிராசா. திருகோணமலை. …ஓம், புருசன் அரசாங்க வேலை. …ஓம், வீட்டில வேற பிள்ளையள் இல்லை. …இல்லை, ஒருக்காலும் இல்லை. …ஓம், சம்மதம். …அவருக்கும் சம்மதம்தான். பேரைக் கேட்டிட்டு நல்ல பேர் எண்டவர். …நான் சொன்னால் வருவார் ஐயா. அக்கரைக்குத்தான் விடமாட்டார், தலைமன்னாருக்கு வருவார்.

…பிள்ளையின்ர பேரோ? பாஸில எழுதியிருக்குத்தானே. …தாய் வாயால சொல்ல வேணுமோ?

…சுகிர்தம்.

…கேக்கேல்லையோ? சுகிர்தம். …சுகிர்தம்! சுகிர்தம் எண்டு சொல்லுறன்! …ஓம் போதகரம்மா, அந்தப் பேர்தான்! நீங்கள் வாங்கோ, வந்து இஞ்சை நிண்டே கேளுங்கோ!

…ஓம் ஐயா. நன்றி ஐயா. என்ர மச்சாளிட்டை ஒருக்காக் குடுங்கோ.

…தங்கரத்தினம்.

…ஒண்டுமில்லை. சும்மா கூப்பிட்டன். …அந்தச் சப்பாத்தைத் தைச்சுப் போடும். அங்கை செம்மான் இருப்பார்தானே. கல்லுக்குள்ள வெறுங்காலோட நடக்காதையும்.

…என்ன அங்கை சத்தம்? …அவவோ? ஏன் அழுகிறா? …நீர் அழுகிறதைப் பாத்தோ.

குழலை அவவின்ர காதில வையும். …பயப்பட்டால் பயப்படட்டும். வையும் எண்டுறன்.

…

ஹலோ.

…ஓம், குஞ்சு. …ஓம். கேக்குது. அழக்கூடாது. …ஆரைக் கூப்பிடுறீங்கள்? இன்னொருக்காக் கூப்பிடுங்கோ.

…ஓம். ஓம், இஞ்சைதான் நிக்கிறன். இஞ்சைதான். இன்னொருக்கா—

ஐயா, வெட்டாதையுங்கோ. நான் ஒண்டும் சொல்லேல்லை ஐயா, கப்பலைப் பற்றி ஒண்டும்—

ஹலோ?

…ஹலோ?

ஓம் போதகரம்மா, வெட்டியிட்டாங்கள். …பிள்ளைதான். அம்மா எண்டு கூப்பிட்டவ.

என்னைத்தான்.